பூனைக்கு வயசாகிவிட்டது, நோய் பெரியது, இனி என்ன? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பல வருடங்களாக வீட்டில் இருக்கும் பூனை, திடீரென்று காதில் விழுந்த ஒரு நோயின் பெயர், அடுத்து என்ன செய்வது என்று புரியாத திகைப்பு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மின்னிக்கு 15 வயது. கொஞ்ச நாளாக நிறையத் தண்ணீர் குடித்தாள், முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 3.4 வந்திருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை, குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. முன்பே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? இன்னும் எவ்வளவு காலம் இருப்பாள்? ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி என் காலடியில் தூங்குகிறாள்.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நோயின் பெயர் தெரிந்த அந்த நாளில் மின்னிக்கு எதுவும் மாறவில்லை, மாறியது உங்களுக்குத்தான். அவளுக்கு மூன்றாம் நிலையும் தெரியாது, 3.4 என்ற எண்ணும் தெரியாது. தாகம், வயிற்றைப் புரட்டுவது, உடம்பு அசதி, பிடித்த இடத்தில் படுக்க முடிகிறதா, உங்கள் குரல் வழக்கம்போல இருக்கிறதா, இவைதான் அவளுக்குத் தெரிந்தவை. நல்ல விஷயம் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

முன்பே கவனித்திருந்தால் என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். சிறுநீரகத்துக்கு இருக்கும் கூடுதல் திறன் அப்படி. முக்கால்வாசி வேலை செய்யாமல் போன பிறகுதான், தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறவே தொடங்கும், அதுவரை மீதிக் கால்வாசி முழுப் பாரத்தையும் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கும். போதாததற்கு, பூனை தன் பலவீனத்தை வெளியே காட்டாமல் மறைக்கும் விலங்கு. தண்ணீர் அதிகம் குடிக்கிறாள், எடை குறைகிறது என்று கவனித்துத்தானே டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள்? அந்தக் கட்டத்தில் ஒரு மனிதர் கவனிக்கக்கூடியது அவ்வளவுதான், அதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

அடுத்தது, 'குணப்படுத்த முடியாது' என்ற சொல். போன சிறுநீரகத் திசு திரும்ப வராது, அந்த அர்த்தத்தில் டாக்டர் சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்கிற நமக்கு 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று விழுந்துவிடுகிறது, அது உண்மையில்லை. ஐரிஸ் என்ற சர்வதேசக் கால்நடை சிறுநீரகக் குழு வகுத்த அளவுகோலைத்தான் உங்கள் டாக்டர் பயன்படுத்தியிருப்பார். அதன்படி பூனைக்குக் கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. மின்னி மூன்றாம் நிலையின் தொடக்கப் பகுதியில் இருக்கிறாள். இந்த இடத்தில் நோய் தெரியவந்து, அப்புறம் ஓரிரு வருடங்கள், சில சமயம் அதற்கும் மேலே நிம்மதியாக வாழ்ந்த பூனைகள் நிறைய உண்டு. சில மாதங்களிலேயே சரிந்த பூனைகளும் உண்டு. உங்கள் பூனை இதில் எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று பரிசோதனைகள் இடைவெளி விட்டு எடுத்தால் எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரியும், எண்ணைவிட அந்த வேகம்தான் அதிகம் சொல்லும்.

அதனால் டாக்டரை மறுபடி ஒருமுறை பாருங்கள், பூனை இல்லாமல் நீங்கள் மட்டும், கையில் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு. முதல் நாள் கேட்டது காதில் ஏறாதது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான், டாக்டர்களுக்கும் இது தெரியும். ரத்தம் எடுத்த அன்று அவள் உடம்பில் நீர் வற்றியிருந்ததா என்று கேளுங்கள். வற்றியிருந்தால் கிரியேட்டினின் உண்மையைவிட உயர்ந்து காட்டியிருக்கும், திரவம் ஏற்றிய பிறகு திரும்ப எடுத்தால் இறங்கலாம். நேர்மாறாக, மிகவும் மெலிந்த பூனையில் தசை குறைவு என்பதால் அந்த எண் உண்மையைவிடக் குறைத்துக் காட்டவும் வாய்ப்பு உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்களா, அதில் கிருமித் தொற்றும் புரதமும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். சிறுநீரகத்தில் தொற்று இருந்தாலோ கல் அடைத்திருந்தாலோ அது தனியாகச் சிகிச்சை செய்யக்கூடிய விஷயம், ஸ்கேன் எடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும். பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்தசோகை, தைராய்டு, இவை நான்கையும் பற்றிக் கேளுங்கள். தைராய்டு ஏன் என்றால், வயதான பூனைக்கு அது அதிகமாகச் சுரப்பது சகஜம், அதிலும் எடை குறையும், தாகம் எடுக்கும், சிறுநீரக நோயின் அளவையே அது மறைத்துவிடும்.

பிபி பார்த்தார்களா? இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ள பூனைகளில் ரத்த அழுத்தம் ஏறுவது சாதாரணம், ஆனால் பல இடங்களில் அதை அளப்பதே இல்லை. மேல் அளவு 160-ஐத் தாண்டி அப்படியே நின்றால் கண், மூளை, இதயம், மிச்சமிருக்கும் சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து. நேற்று வரை நன்றாக நடமாடிய பூனை இன்று காலை சுவரில் முட்டுகிறது, கருவிழி அகலமாக விரிந்தே இருக்கிறது என்றால், விழித்திரை பிரிந்து பார்வை போயிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான பூனைகளுக்கு ஒரே ஒரு சின்ன மாத்திரை, அம்லோடிபின், இதைத் தடுத்துவிடும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? சாப்பாட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதமும் அளவாக இருக்கும், ஏற்றுக்கொள்ளும் பூனைகளின் ஆயுளை அது நீட்டிக்கிறது. இதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நோய் தெரிந்த அன்றே பழைய உணவைத் தூக்கி எறிந்துவிட்டு, வயிறு புரட்டிக்கொண்டிருக்கும் பூனையின் முன்னால் இதை வைத்தால் அது முகர்ந்துவிட்டுப் போய்விடும், அப்புறம் அந்த வாசனை வந்தாலே குமட்டல்தான் நினைவுக்கு வரும். முதலில் குமட்டலுக்கு மருந்து வாங்கி அதைச் சரிசெய்யுங்கள், பழைய உணவையே நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கட்டும், அதற்குப் பிறகு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று வாரக்கணக்கில் கலந்து மாற்றுங்கள். எவ்வளவு பொறுமையாகச் செய்தும் வாய் வைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். பழைய உணவோடு பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கலந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சரியான உணவைச் சாப்பிடாமல் கிடப்பதைவிட, சரியில்லாத உணவை வயிறு நிறையச் சாப்பிடும் பூனை நல்ல நிலையில் இருக்கிறது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும், அதனால் முழுசாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வையுங்கள், ஒன்று போதாது, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் இருக்கட்டும். 'இவ்வளவு குடிக்கிறாளே' என்று பயந்து யாரும் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது, சிறுநீரகத்தால் தேக்கிவைக்க முடியாமல் வெளியே போகும் நீரைத்தான் அவள் திரும்பக் குடித்து ஈடுகட்டுகிறாள். உலர் உணவைவிட ஈரமான உணவு நல்லது. அதை உடம்புச் சூட்டுக்கு லேசாகச் சூடாக்கிக் கொடுத்தால் வாசனை எழும்பும், மூக்கு மந்தமான வயதான பூனைக்கு அது பெரிய உதவி.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு கிடைத்தால் நல்லது. நான்கு கிலோ பூனையில் 200 கிராம் குறைவது அறுபது கிலோ ஆள் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம், ஆனால் ரோமத்துக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. வலியில் இருக்கிறாளே என்று இரக்கப்பட்டு மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஒரே ஒரு மாத்திரை கொல்லும். இப்யூபுரூஃபனும் அப்படித்தான், சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். லில்லிப் பூங்கொத்து யாராவது கொண்டுவந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள், அதன் இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம்.

ராத்திரி எழுந்து பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். முழுசாக நிறுத்துங்கள் என்று சொன்னால் உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். பதிலாக, தூங்கப் போகும் முன் ஒரே ஒரு முறை, அவள் ஆழ்ந்து தூங்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி. அதற்குமேல் அன்றைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை, படுத்துத் தூங்குங்கள். இது மாதக்கணக்கில், ஒருவேளை வருடக்கணக்கில் செய்யப்போகிற வேலை, தூக்கமில்லாத ஆள் அதைத் தாங்க மாட்டார்.

கேள்வி: எனக்கு 24 வயது, நானும் என் பூனையும் மட்டும்தான் வீட்டில். அவனுக்கும் சிறுநீரக நோய்தான். தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கற்றுக்கொடுத்து, கூடவே நான்கு விதமான மருந்தும் எழுதியிருக்கிறார்கள். முன்பு வாசலுக்கே ஓடி வருவான், இப்போது என்னைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். அவன் பிழைத்திருக்க நான் செய்கிறேன், அவன் என்னை வெறுக்கிறான். நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதே பாவமாகவும் இருக்கிறது.

பதில்: தம்பி, நிறுத்தலாமா என்று யோசிப்பதில் பாவம் எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் காலம் முழுக்க அவன் கட்டிலுக்கடியிலேயே இருந்தால் அந்தச் சிகிச்சை யாருக்காக என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் முயன்று பார்க்க நிறைய இருக்கிறது.

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: 'இந்த நான்கில் இரண்டுதான் கொடுக்க முடியும் என்றால் எந்த இரண்டைக் கொடுப்பீர்கள்?' பெரும்பாலும் யாரும் இப்படிக் கேட்பதில்லை, அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கேட்டால் நல்ல டாக்டர் யோசித்துக் குறைப்பார். பசியைத் தூண்டும் மருந்து காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவே வருகிறது, தைராய்டு மருந்தையும் அப்படித் தயாரித்துத் தரும் இடங்கள் உண்டு, வாயைத் திறக்கும் போராட்டமே இல்லை. மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கொடுத்த கையோடு கொஞ்சம் தண்ணீரோ ஒரு வாய் ஈர உணவோ உள்ளே போக வேண்டும், வறட்டு மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். அந்த எரிச்சலே அவன் உங்களைக் கண்டு ஓடுவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

திரவம் ஏற்றுவதில் பூனைகளுக்கு வேதனை தருவது பெரும்பாலும் ஊசியைவிட, உள்ளே போகும் குளிர்ச்சியும் பிடித்து அழுத்தி வைப்பதும்தான். பையைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும்போது தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி, ஒருமுறை குத்திய ஊசி முனை மழுங்கிவிடும். கொஞ்சம் பெரிய துளை உள்ள ஊசியாகக் கேட்டு வாங்கினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், பூனைக்கு முக்கியம் அந்த நேரம்தான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் செருகுங்கள். பையைப் போதுமான உயரத்தில் தொங்கவிடுங்கள், தாழ்வாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றிய பின் முதுகில் ஒரு மேடு தெரியும், அது இறங்கி ஒரு பக்கக் காலுக்குப் போய்த் தொங்கும், பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணமாக ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லி வரை சொல்வார்கள், ஆனால் உங்கள் டாக்டர் எழுதிய அளவுதான் உங்கள் பூனையின் அளவு. 'இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நல்லதுதானே' என்று கூட்டாதீர்கள், இதயம் பலவீனமான பூனைக்கு அந்தக் கூடுதல் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். திரவம் ஏற்றத் தொடங்கிய பிறகு மூச்சு வேகமானால் அன்றே, அந்த மணி நேரமே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சிகிச்சைக்கென்று வீட்டில் ஒரே ஒரு இடத்தை ஒதுக்குங்கள், அது அவன் தூங்கும் இடமாகவோ சாப்பிடும் இடமாகவோ இருக்கக் கூடாது. மருந்தெல்லாம் அங்கேதான், ஒரே நேரத்தில்தான். முடிந்ததும் அவனுக்கு மிகவும் பிடித்த ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், கொஞ்ச வேண்டாம், சமாதானப்படுத்த வேண்டாம். மற்ற நேரமெல்லாம் அவனிடம் மருந்தில்லாத கையோடு மட்டுமே போங்கள். ஒளிந்திருந்தால் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து எடுக்கவே கூடாது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், எந்த நேரம் ஆபத்து, எந்த நேரம் இல்லை என்று பூனை சீக்கிரம் பிரித்துத் தெரிந்துகொள்ளும். இப்போது உங்களை எப்போது பார்த்தாலும் ஊசி வருமோ என்று அவனுக்குச் சந்தேகம், அந்தச் சந்தேகத்துக்குத்தான் அவன் ஓடுகிறான்.

இதையெல்லாம் செய்து சில வாரம் பார்த்தும் அவன் வெளியே வரவில்லை என்றால், மருந்துகளைக் குறைத்து, வருவதை ஏற்றுக்கொண்டு, இருக்கும் நாட்களை அமைதியாக விடுவது ஒரு மரியாதையான முடிவு. அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிச் செய்யுங்கள், குமட்டலுக்கும் வலிக்கும் மட்டுமாவது ஏற்பாடு செய்து தருவார்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அம்மா வளர்த்த பூனை, அம்மா போன பிறகு அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்குத் துணையும் அதுதான். எச்சில் ஒழுகுகிறது என்று நான்தான் கூட்டிப் போனேன். நாக்குக்கு அடியில் கட்டி, புற்றுநோய் மாதிரி தெரிகிறது, இந்த வயதில் ஆபரேஷன் செய்து பயனில்லை என்கிறார்கள். அப்பாவிடம் 'பல் பிரச்சினை' என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் தாங்க மாட்டார், கடைசி வரை சொல்ல வேண்டாம் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

பதில்: அப்பாவிடம் சொல்லுங்கள். அண்ணனின் பாசம் புரிகிறது, ஆனால் இதில் நான் உங்கள் பக்கம்தான்.

தினமும் அந்தப் பூனைக்குச் சாப்பாடு வைப்பவர் அவர். தட்டில் மிச்சம் இருப்பதும், எச்சிலில் ரத்தம் கலப்பதும், பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். பல்லுக்கு வைத்தியம் பார்த்தும் ஏன் சரியாகவில்லை என்று அவர் தனியாக உட்கார்ந்து குழம்புவார், தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்றுகூட நினைப்பார். மனைவியை இழந்து அதற்குப் பிறகும் எழுந்து நடமாடுகிற மனிதர் அவர், செய்தியைத் தாங்குவார். தனக்குத் தெரியாமல் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள் என்பதைத் தாங்குவதுதான் கஷ்டம். விடைபெறுவதற்கு நேரம் இருந்தும் அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்காமல் விட்டால், அதைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உறுதிசெய்யுங்கள். 'மாதிரி தெரிகிறது' என்றால் திசு எடுத்துப் பரிசோதித்தார்களா? வாயில் பூனைகளுக்கு அதிகம் வரும் புற்று நாக்குக்கு அடியிலும் தாடையிலும்தான் வரும், உண்மைதான். ஆனால் கடுமையான ஈறு அழற்சியும், பல் வேரில் சீழ் கட்டுவதும், வேறு சில வீக்கங்களும் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. மயக்க மருந்து கொடுத்துத் திசு எடுக்கும் அளவுக்குப் பூனையின் உடம்பு இடம் கொடுக்குமா என்று டாக்டர் சொல்லட்டும்.

உறுதியானால், உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், இந்தப் புற்று வேகமானது. தெரியவரும்போதே பெரும்பாலும் எலும்புக்குள் போயிருக்கும், அதற்குப் பிறகு கிடைப்பது பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள். எல்லாப் புற்றும் இப்படி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'கேன்சர்' என்ற சொல்லைக் கேட்டதுமே கையை விரித்துவிடுகிறவர்கள் இதைப் படிப்பார்கள். வயதான பூனைகளின் குடலில் மெதுவாக வளரும் ஒரு வகை லிம்போமா இருக்கிறது, அதற்கு வீட்டிலேயே கொடுக்கும் மாத்திரைகள் போதும், பல பூனைகள் இரண்டு வருடங்கள்கூடச் சௌகரியமாக இருக்கின்றன. அதனால் எந்தப் புற்று என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

உங்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது வேண்டியது வலி நிவாரணம், தள்ளிப்போடாமல், முழு அளவில். கன்னத்தின் உட்புறத்தில் சொட்டாக விடும் மருந்து இருக்கிறது, விழுங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கூழாக அரைத்த உணவு கொடுங்கள், முகத்தையும் மார்பையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இந்த வேலைகளை அப்பாவிடமே கொடுங்கள், அவர் கை நடுங்கினாலும் பரவாயில்லை. அந்தப் பூனைக்கு நீங்கள் விருந்தாளி, அவர்தான் சொந்தம்.

எப்படிச் சொல்வது? தொலைபேசியில் வேண்டாம். அண்ணனும் கூட இருக்கட்டும். 'அப்பா, பூனைக்கு வந்திருப்பது பல் பிரச்சினை இல்லை, புற்றுநோய். குணமாகாது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதை எப்படிச் செய்யலாம் என்று உங்களிடம் கேட்க வந்தோம்.' இவ்வளவு போதும். அதற்குப் பிறகு அவர் பேசும் வரை நீங்கள் பேசாதீர்கள்.

கேள்வி: 'அதுவே உங்களுக்குச் சொல்லும், அப்போது தெரிந்துகொள்வீர்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் நன்றாக இருக்கிறாள், மறுநாள் எழுந்திருப்பதே இல்லை. ஊசி போட்டு அனுப்பிவைப்பதை நினைத்தால் கொலை செய்வதுபோல் இருக்கிறது, அவள் தவிப்பதைப் பார்த்தால் அதுவும் தாங்கவில்லை.

பதில்: தெரியாமல் போவதுதான் சகஜம். பூனை வலியில் கத்தாது, ஒடுங்கிப்போகும். அதனால் அடையாளங்களை வெளியே தேட வேண்டும். அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கடைசியாகக் கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி, இந்த ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இப்போதைக்குத் தொடரலாம் என்று கணக்கு. வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக வந்தால் அதை வைத்தே மனம் விட்டுப் பேச முடியும்.

வலியைக் கண்டுபிடிக்க முகம் உதவும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் உருவாக்கிய முகக்குறி அளவுகோல் காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை இவை ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. காது பக்கவாட்டில் திரும்பிச் சரிந்திருக்கிறது, கண் பாதி இடுங்கியிருக்கிறது, மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறது என்றால் அவளுக்கு வலிக்கிறது. இவள் எப்போதும் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் அந்த முகத்தைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இதோடு ஒன்று செய்யுங்கள். அவள் அவளாக இருப்பதற்கு அடையாளமான மூன்று விஷயங்களை இன்றே எழுதுங்கள். ஜன்னலில் ஏறுவது, நீங்கள் வந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு வருவது, பாத்திரச் சத்தம் கேட்டதும் எழுவது என்று எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் இரண்டு நின்றுபோய், மருந்து மாற்றியும் திரும்பவில்லை என்றால், நேரம் வந்துவிட்டது. பயத்தில் இருக்கும் மனசு நாளுக்கு நாள் எல்லைக்கோட்டைத் தள்ளிவைத்துக்கொண்டே போகும், அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

கொலை என்ற சொல்லைப் பற்றி. பெரும்பாலான டாக்டர்கள் முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள், அவள் உங்கள் கையிலேயே தூங்கிப்போவாள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது மருந்து, மயக்க மருந்து வகையைச் சேர்ந்ததுதான், மிக அதிக அளவில். நினைவு முதலிலேயே போய்விடும், அதன்பின் மூச்சும் இதயமும் நிற்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் மூடாது, சில சமயம் தசை துடிக்கும், ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் பிரியலாம். அவள் அதையெல்லாம் உணர்வதில்லை, ஆனால் தெரியாமல் போய்ப் பார்த்தால் நீங்கள் பதறிவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து செய்யும் டாக்டர் இருக்கிறாரா என்று இப்போதே விசாரித்து வையுங்கள், அந்த நாளில் தேட முடியாது. இயற்கையாகப் போகட்டும் என்று காத்திருப்பதும் சிலருக்குச் சரியாக இருக்கும், ஆனால் சிறுநீரக நோயின் கடைசிக் கட்டம் அமைதியான தூக்கம் இல்லை. குமட்டல், வாய்ப்புண், சில சமயம் வலிப்பு என்று போகும். காத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கான மருந்துகளோடு, டாக்டரின் துணையோடு காத்திருங்கள்.

நீங்கள் எந்த நாளைத் தேர்ந்தாலும் ஒரு வாரம் சீக்கிரமோ, ஒரு வாரம் தாமதமோ என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டில் ஒன்று என்றால், ஒரு வாரம் சீக்கிரத்தைத்தான் நான் தேர்வு செய்வேன். அந்த ஒரு வாரத்தில் பூனை இழப்பது கொஞ்சம், தாமதமானால் அது படுவது நிறைய.

கேள்வி: வீட்டில் இரண்டு பூனை. ஒன்றுக்குச் சிறுநீரக நோய். மற்றதற்குத் தொற்றுமா?

பதில்: தொற்றாது. இரண்டும் ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் குடிக்கலாம், ஒன்றாகப் படுக்கலாம். சாப்பாட்டை மட்டும் பிரியுங்கள். சிறுநீரக உணவை நோயில்லாத, வளர்ந்த பூனை ஓரிரு வாய் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, குட்டியாக இருந்தால் கொடுக்கக் கூடாது.

கேள்வி: என் பூனைக்கு 11 வயது, நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: செய்யுங்கள். பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தம், சிறுநீர், தைராய்டு, பிபி. எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறதா என்று கேளுங்கள், பல பூனைகளில் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அது ஏறிக் காட்டிவிடும். நன்றாக இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஒரு எண் மாறினால் எதிலிருந்து மாறியது என்று ஒப்பிட அது வேண்டும். அதுவரை, வீட்டிலேயே மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டி பெரிதாகிறதா என்று கண் வையுங்கள்.